செடி பார்சலில் வருதா? முதல் நாளே ஆதாரத்தை எடுத்து வையுங்க!

மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர்கள்கூட இப்போது கைபேசியிலேயே செடி வாங்குகிறார்கள். மாங்கன்று முதல் சம்பங்கிக் கிழங்கு வரை சில நாட்களில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. வசதிதான். ஆனால் சட்டை வாங்குவதற்கும் செடி வாங்குவதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சட்டை அளவு சரியில்லை என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும். ஒட்டுக்கன்று என்று சொல்லி விதைக்கன்றை அனுப்பியிருந்தால், சில வருஷம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் தெரியவரும். அதுக்குள்ள பில் தொலைஞ்சிருக்கும், விளம்பரமும் மாறியிருக்கும். அதனால்தான் செடி விஷயத்தில் ஆதாரத்தை முதல் நாளே சேர்த்து வைக்க வேண்டும்.

ஆர்டர் போடும் முன்

படத்தைப் பார்த்து மயங்கிடாதீங்க. 'நீல ரோஜா விதை', 'ஏழு வண்ண ரோஜா விதை' என்று வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். ரோஜாவை விதையிலிருந்து வளர்த்தால் தாய்ச்செடி போலவே பூக்காது. ரகம் மாறாமல் இருக்கத்தான் மொட்டு ஒட்டு மூலமாகவும், குச்சி நட்டும் கன்று உருவாக்குகிறார்கள்.

நம்ம ஊர் வெயிலுக்கு ஏற்றதா என்றும் பாருங்கள். டூலிப் கிழங்கு பூக்க வேண்டுமானால் பல வாரம் கடும் குளிர் வேண்டும். ஸ்ரீநகரில் பூப்பது மதுரையிலும் திருச்சியிலும் தானாகப் பூத்துவிடாது. நம் சமவெளிக்குச் சம்பங்கி நல்ல தேர்வு. பெங்களூருவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'பிரஜ்வால்' ஓரடுக்கு ரகம். 'சுவாசினி' ஈரடுக்கு ரகம். நடுவதற்கு 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்கு நல்லது. '10 கிழங்கு' என்று மட்டும் போட்டிருந்தால் எடையைக் கேளுங்கள். பொடிக் கிழங்கு பூக்க அதிக நாளாகும்.

ரகத்தின் பெயர், ஒட்டா விதையா, கன்றின் உயரம், விற்பவரின் பெயர், முகவரி, திரும்பப் பெறும் விதி ஆகியவை விளம்பரத்தில் இருக்கின்றனவா? அந்தப் பக்கத்தை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பில்லிலும் ரகத்தின் பெயர் வரவேண்டும். 'பழச்செடி 1' என்று மட்டும் இருந்தால், பிறகு ரகம் மாறியதை நிரூபிப்பது கஷ்டம்.

பார்சல் வந்த அன்றே

முகவரிச் சீட்டு தெரியும்படி, பிரிப்பதை இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். கிழங்கை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். கொழகொழவென்று இருந்தாலோ பூஞ்சணம் பிடித்திருந்தாலோ படம் எடுத்து அன்றே விற்பவருக்கு அனுப்புங்கள். ஒட்டுக்கன்றாக இருந்தால் தண்டின் அடிப்பகுதியில் ஒட்டுக் கட்டிய தழும்பு தெரியும். அதையும் கிட்டத்தில் படம் எடுங்கள்.

ஒன்றிரண்டு இலை பழுத்திருந்தால் பயப்பட வேண்டாம், பயணக் களைப்புதான். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டினால் பச்சை தெரிகிறதா? உயிர் இருக்கிறது. ஒரு வாரம் நிழலில் வைத்து அளவாகத் தண்ணீர் விடுங்கள். உடனே தொட்டி மாற்றவோ உரம் போடவோ வேண்டாம்.

புதுச்செடியை இரண்டு வாரமாவது மற்ற செடிகளோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள். 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி என்று பரவி விவசாயிகளைப் படாதபாடு படுத்தியது. 2010-இல் அதற்கான ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து வயல்களில் விட்ட பிறகுதான் அடங்கியது. இலைக்கு அடியில் வெள்ளையாகப் பஞ்சுபோல இருந்தால் கவனமாக இருங்க.

'செடிக்கு ரிட்டர்ன் கிடையாது' என்றால்?

அப்படிச் சொல்லிவிட்டால் மட்டும் போதாது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, பொருள் குறையுடையதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ இருந்தால், அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. குறைதீர் அலுவலர் உங்கள் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

தீரவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். விற்பவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். 'இ-ஜாக்ரிதி' இணையதளம் வழியாகவும் அனுப்பலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். பணம் வாங்கிய தளமே போலி என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

வெளிநாட்டுப் பார்சலா?

வெளிநாட்டிலிருந்து செடி, விதை, கிழங்கு வரவழைக்க, 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இவை இல்லாத பார்சல் வழியிலேயே தடுக்கப்படலாம். ஆர்டர் போடாமலே விதைப் பொட்டலம் வந்தால் விதைக்காதீங்க, குப்பையிலும் போடாதீங்க. 2020-இல் பல நாடுகளில் இப்படி மர்ம விதைகள் வந்தபோது மத்திய வேளாண் அமைச்சகமும் எச்சரிக்கை விடுத்தது. உறையோடு அருகிலுள்ள வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஸ்கிரீன்ஷாட், பில், வீடியோ மூன்றையும் ஒரே இடத்தில் சேமியுங்கள். ரகத்தின் பெயரையும் வாங்கிய தேதியையும் ஒரு அட்டையில் எழுதித் தொட்டியில் செருகுங்கள். மரம் முதல் காய் காய்க்கும்போது அந்த அட்டை உங்களுக்குத் தேவைப்படும்.