ஒரே ஒரு ‘தொடுதல்’ நோயாவது எப்படி? அரிவாள் செல் ரத்தசோகையும் புரதத்தின் ‘காண்டாக்ட் மேப்’பும்

நம் ரத்தத்தைச் சிவப்பாக வைத்திருக்கும் ஹீமோகுளோபின் ஒன்றில் மொத்தம் 574 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. 141 அமினோ அமிலங்கள் கொண்ட ஆல்ஃபா சங்கிலி இரண்டு, 146 கொண்ட பீட்டா சங்கிலி இரண்டு என நான்கு சங்கிலிகள். பீட்டா சங்கிலியின் 6வது இடத்தில் குளூட்டமிக் அமிலம் இருக்க வேண்டும். அங்கே வேலின் வந்து உட்கார்ந்துவிட்டால், அதுதான் அரிவாள் செல் ரத்தசோகை.

இதுவரை பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். ஆனால் இடையில் ஒரு கேள்வி விட்டுப்போகிறது. 146இல் ஒன்றே ஒன்று மாறியதற்கு, வட்டத் தட்டு மாதிரி இருக்க வேண்டிய சிவப்பணு ஏன் அரிவாள் மாதிரி வளைகிறது? உயிரே போகும் அளவுக்கு வலி ஏன் வருகிறது? மாறிய அந்த வேலின் போய் யாரைத் தொடுகிறது என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

‘தொடுதல்’ என்றால் என்ன?

பூக்கடையில் சுருட்டி வைத்திருக்கும் மல்லிகைச் சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சரத்தை நீட்டிப் பிடித்தால் 10வது பூவுக்கும் 90வது பூவுக்கும் சம்பந்தமே இல்லை. சுருட்டி வைத்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். புரதமும் இப்படித்தான். அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோர்க்கப்பட்ட சங்கிலி, மடிந்து சுருண்ட பிறகுதான் வேலை செய்கிறது. அப்படி மடியும்போது எது எதை நெருங்குகிறது என்பதைத்தான் விஞ்ஞானிகள் ‘காண்டாக்ட்’ என்கிறார்கள்.

எவ்வளவு நெருங்கினால் தொடுதல்? ஒரு மில்லிமீட்டரைக் கோடி பங்காக்கினால் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம். ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் குறிப்பிட்ட ஒரு கார்பன் அணுவை எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் இடைவெளி 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் தொடுதல் என்று கணக்கு வைப்பது பரவலான வழக்கம். எல்லா அணுக்களையும் பார்ப்பவர்கள் 4 அல்லது 5 ஆங்ஸ்ட்ராம் என்று எல்லையைச் சுருக்கிக்கொள்வார்கள்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

எக்ஸ்ரே படிகவியல், கிரையோ எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் போன்ற முறைகளில் கண்டறியப்பட்ட புரத வடிவங்கள், 1971இல் தொடங்கப்பட்ட ‘புரோட்டீன் டேட்டா பேங்க்’ என்ற பொதுத் தரவுத்தளத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் இலவசமாக டவுன்லோடு செய்யலாம். அந்த ஃபைலில் ஒவ்வொரு அணுவும் எங்கே இருக்கிறது என்பதற்கு மூன்று எண்கள் இருக்கும். இரண்டு அணுக்களுக்கு இடையிலான தூரத்தைக் கண்டுபிடிக்க, பள்ளியில் படித்த தூர சூத்திரமே போதும்.

ஆனால் எண்ணிக்கைதான் மலைப்பு. ஹீமோகுளோபினின் 574 அமினோ அமிலங்களில் மட்டும் 1,64,451 ஜோடிகள் சாத்தியம். சாதாரண லேப்டாப் இதைச் சில நொடிகளில் முடித்துவிடும். விடையைக் கட்டம் போட்ட சதுரமாக வரைவார்கள். தொடும் ஜோடிக்குக் கறுப்புப் புள்ளி, தொடாத ஜோடிக்கு வெற்றுக் கட்டம். இதுதான் ‘காண்டாக்ட் மேப்’.

அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்விக்குச் சென்னையில் கிடைத்த விடை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்ட ஆய்வு, அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டியது. புதிதாகக் கண்டறியப்படும் புரத வடிவம் சரியா என்று சோதிக்க, இன்றைக்கும் ‘ராமச்சந்திரன் வரைபடம்’ போட்டுப் பார்க்கிறார்கள்.

6வது இடத்தில் என்ன நடக்கிறது?

அரிவாள் செல் நோயாளியின் ஹீமோகுளோபின் வேறுபட்டது என்று லைனஸ் பாலிங் குழுவினர் 1949இல் காட்டினார்கள். எந்த அமினோ அமிலம் மாறியிருக்கிறது என்பதை 1950களில் கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்கிராம் கண்டுபிடித்தார்.

குளூட்டமிக் அமிலம் மின்னூட்டம் கொண்டது. தண்ணீரோடு நன்றாகப் பழகும். அதனால் புரதத்தின் வெளிப்பரப்பில் இருப்பதில் அதற்குச் சிக்கலே இல்லை. வேலின் அப்படியில்லை. எண்ணெய் மாதிரி தண்ணீரை ஒதுக்கும் ரகம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அது, தண்ணீர்படாமல் ஒதுங்க இடம் தேடும்.

இடம் கிடைக்கிறது, பக்கத்து ஹீமோகுளோபினில். அதன் பீட்டா சங்கிலியின் 85வது இடத்தில் உள்ள பீனைலாலனினும் 88வது இடத்தில் உள்ள லியூசினும் சேர்ந்து சின்னக் குழி ஒன்றை அமைத்திருக்கின்றன. இரண்டும் வேலின் மாதிரியே தண்ணீரை ஒதுக்குபவை. வேலின் அந்தக் குழிக்குள் போய், டிச் பட்டன் மாதிரி ‘டக்’கென்று பொருந்திக்கொள்கிறது. ஒன்றோடு ஒன்று, அதோடு இன்னொன்று எனச் சேர்ந்து, கடைசியில் 14 இழைகள் முறுக்கிய கயிறு மாதிரி நீண்டுவிடும். சிவப்பணுவுக்குள் இந்தக் கயிறுகள் விறைத்து நிற்பதால்தான் செல் வளைகிறது. வளைந்த செல்கள் சின்ன ரத்தக் குழாய்களில் சிக்கி, ரத்த ஓட்டத்தை மறிக்கின்றன. வலி வருவது அதனால்தான்.

எல்லா நேரமும் ஒட்டுமா?

இல்லை. ஆக்சிஜனைச் சுமக்கும்போது ஹீமோகுளோபினின் வடிவம் வேறு. அப்போது அந்தக் குழி பொருந்துவதற்கு வாகாக இருக்காது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட பிறகுதான் பட்டன் மாட்டும். உயரமான இடங்கள், உடலில் நீர்ச்சத்துக் குறைவு, காய்ச்சல் போன்றவை நோயாளிகளுக்கு ஆபத்தாவதற்கு இதுவும் ஒரு காரணம். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்றவர்களிடம் இயல்பான ஹீமோகுளோபினும் கலந்திருப்பதால், அவர்களுக்குப் பெரும்பாலும் தொந்தரவு வருவதில்லை.

பட்டனைக் கழற்ற முடியுமா?

குழந்தை பிறந்த முதல் சில மாதங்களில் இந்த நோய் வெளியே தெரிவதில்லை. அப்போது ரத்தத்தில் கரு ஹீமோகுளோபின் நிறைய இருப்பதே காரணம். அதில் பீட்டா சங்கிலிக்குப் பதிலாக இருக்கும் காமா சங்கிலியின் 87வது இடத்தில், திரியோனினுக்குப் பதில் குளூட்டமைன் இருக்கிறது. 85, 88 என்ற குழியின் நடுவிலேயே நிற்கும் ஆள் அது. கரு ஹீமோகுளோபின் கயிற்றில் சேராமல் தடுக்கும் முக்கியக் காரணங்களில் இந்த மாற்றமும் ஒன்று.

சிகிச்சைகள் பலவும் இந்த வழியில்தான் போகின்றன. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை கரு ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது. 2023 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த ‘காஸ்ஜெவி’ மரபணுத் திருத்தச் சிகிச்சையின் வேலையும் அதுவே. அதே நாளில் அனுமதி பெற்ற ‘லிஃப்ஜெனியா’ இன்னும் நேரடி. 87வது இடத்தில் குளூட்டமைனை வைத்த பீட்டா சங்கிலிக்கான மரபணுவையே நோயாளியின் செல்களில் சேர்க்கிறது.

அப்படியென்றால் மேப் பார்த்தே மருந்து செய்துவிடலாமா?

அவ்வளவு எளிதில்லை. ‘வோக்ஸலோட்டர்’ மாத்திரை, ஆல்ஃபா சங்கிலியின் முனையில் ஒட்டி, ஹீமோகுளோபினை ஆக்சிஜன் பிடித்த வடிவத்திலேயே நிறுத்தி வைக்கும். கணக்குப்படி பட்டன் மாட்டக் கூடாது. ஹீமோகுளோபின் அளவும் உயர்ந்தது. 2019இல் அனுமதியும் கிடைத்தது. ஆனால் நோயாளிகளிடம் வலி நெருக்கடிகளும் மரணங்களும் தொடர்பான தரவுகள் கவலை தந்ததால், 2024 செப்டம்பரில் ஃபைசர் நிறுவனமே அதை உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. காண்டாக்ட் மேப் என்பது ஒரு கணத்தில் எடுத்த போட்டோ. உடம்புக்குள் புரதம் அசைந்துகொண்டே இருக்கிறது. அதைச் சுற்றி செல், ரத்தக் குழாய், உறுப்பு என எத்தனையோ இருக்கின்றன.

இந்தியாவில் என்ன நிலை?

இந்தியாவில் இந்த நோய் 1952இல் நீலகிரி மலைவாழ் மக்களிடம் பதிவு செய்யப்பட்டது. மத்திய இந்தியாவின் பழங்குடிப் பகுதிகளில் பாதிப்பு அதிகம். 2047க்குள் இதை ஒழிக்கும் இலக்கோடு தேசிய இயக்கம் ஒன்று 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்டது. 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை செய்வது திட்டம்.

காஸ்ஜெவியின் அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர், லிஃப்ஜெனியாவின் விலை 31 லட்சம் டாலர். நோய் அதிகமுள்ள கிராமங்களுக்கு இவை இப்போதைக்கு எட்டாக்கனி. அங்கே இன்று கைகொடுப்பவை சீக்கிரமே செய்யும் ரத்தப் பரிசோதனை, தொடர்ந்து கிடைக்கும் ஹைட்ராக்ஸியூரியா, திருமணத்துக்கு முன்பான ஆலோசனை. தம்பதி இருவரிடமும் இந்த மரபணு இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. இருவருக்கும் உடம்பில் எந்தத் தொந்தரவும் தெரியாது என்பதால், ரத்தப் பரிசோதனை செய்தால்தான் அதை முன்கூட்டியே அறிய முடியும்.