ஓவியம் ஏறிய சுவர்களும் ஆள் இறங்கிய வீடுகளும்

மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போகிறவர்கள் ஜார்ஜ் டவுனின் ஆர்மீனியன் தெருவைப் பார்க்காமல் திரும்புவது அரிது. அங்கே ஒரு பழைய சுவரோடு நிஜச் சைக்கிள் ஒன்றைச் சேர்த்துப் பதித்திருக்கிறார்கள். அதை ஓட்டும் அக்காளும், பின்னால் அவளைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் தம்பியும் வண்ணத்தில் இருக்கிறார்கள். 2012ஆம் ஆண்டு ஜார்ஜ் டவுன் விழாவுக்காக எர்னெஸ்ட் ஸாகரேவிச் என்ற லித்துவேனிய ஓவியர் வரைந்தது இது. கொஞ்ச தூரத்தில், ஆ குவீ தெருவில், நிஜ மோட்டார் சைக்கிள்மேல் சாய்ந்து திரும்பிப் பார்க்கும் சிறுவன் ஒருவன் இருக்கிறான். இந்தப் படங்களுக்குப் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்ள உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் வந்தவர்கள் வெயிலில் வரிசை கட்டி நிற்கிறார்கள்.

அதே ஆர்மீனியன் தெருவில் ஒரு காலத்தில் கேட்டது செம்பைத் தட்டும் ஓசை. பாத்திரம் செய்யும் பட்டறைகள் அங்கே இருந்ததால், ஹொக்கியன் சீனர்கள் அதைச் செம்பு தட்டும் தெரு என்றே அழைத்தார்கள். 1910இல் சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட்-சென்னின் இயக்கம் இதே தெருவின் 120ஆம் எண் வீட்டிலிருந்து இயங்கியது. பட்டறை, சங்கம், கோவில், குடித்தனம் எல்லாம் ஒரே வரிசை வீடுகளுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த தெரு அது. இன்று அந்த வீடுகள் பளிச்சென்று வண்ணம் பூசி நிற்கின்றன. நினைவுப்பொருள் கடைகள், காப்பிக் கடைகள், சிறு கலைக்கூடங்கள். மாலை விளக்கு எரிந்து கடைகள் மூடிய பிறகு மாடி ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தால், பலவற்றில் வெளிச்சம் இல்லை.

ஊர் உருவான கதை இந்தத் தெருக்களிலேயே எழுதியிருக்கிறது. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தீவைக் கைக்கொண்ட பிரான்சிஸ் லைட், கடலோரத்தில் நேர்கோட்டுத் தெருக்களைப் போட்டார். வரி இல்லாத் துறைமுகம் என்ற செய்தி பரவியதும் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர்கள் வந்து குடியேறிய தெரு சூலியா தெரு ஆயிற்று. அவர்களின் தலைவர் காதர் முகைதீன் மரைக்காயர் 1801இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை எழுப்பினார். நாகூர் ஆண்டவர் பேரில் ஒரு தர்காவும் சூலியா தெருவிலேயே வந்தது. 1818இல் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், 1833இல் ராணித் தெருவில் மகா மாரியம்மன் கோவில், இரண்டுக்கும் நடுவே சீனர்களின் குவான் யின் கோவில். நாலு மதமும் பத்து நிமிட நடைக்குள் அடங்கியிருப்பது இன்றும் மாறவில்லை.

தமிழர்கள் அந்தத் துறைமுகத்தின் முதுகெலும்பு. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கேற்றிப் படகு தள்ளியவர்கள், மூட்டை சுமந்தவர்கள், பொற்கொல்லர்கள், நாணயம் மாற்றியவர்கள், பினாங்குத் தெருக் கிட்டங்கிகளில் பெட்டியடிக்கு முன் சம்மணமிட்டுக் கணக்கெழுதிய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். துறைமுகத் தொழிலாளிகளுக்குச் சோறும் குழம்பும் காவடி போலத் தோளில் தூக்கிவந்து விற்ற தமிழ் முஸ்லிம்களிடமிருந்துதான் நாசி கண்டார் என்ற சாப்பாடு பிறந்தது. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் புறப்பட்ட ரஜூலா கப்பல் மலாயாக் கரையில் முதலில் தொட்ட ஊர் பினாங்கு. ப. சிங்காரத்தின் நாவல்களைப் படித்தவர்களுக்கு அந்த வட்டிக்கடைகளும் கப்பல்துறையும் முன்பே பழக்கம்.

கலை அன்று தனியாக ஒரு வாசல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பிழைப்போடும் வழிபாட்டோடும் கலந்தே இருந்தது. பார்ஸி நாடகக் குழுக்கள் வந்து ஆடிப்போனதைப் பார்த்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பங்சாவான் என்ற மலாய் இசைநாடகம் இந்த ஊரில் உருவெடுத்து மலாய்த் தீவுகள் முழுக்கப் பரவியது. மதராஸ் படைச் சிப்பாய்களோடு வந்ததாகச் சொல்லப்படும் போரியா, பாட்டும் கிண்டலுமாகத் தெருத்தெருவாய்ச் சுற்றியது. சீனர்களின் ஏழாம் மாதத்தில், மூதாதையர் ஆவிகளுக்காகத் தெரு நடுவே மேடை போட்டு இரவெல்லாம் கூத்து நடத்தினார்கள். தைப்பூசத்தில் பினாங்குத் தெருவிலிருந்து செட்டியார்களின் வெள்ளி ரதம் புறப்பட்டது. காரைக்குடியில் செய்து 1894இல் கப்பலேற்றிக் கொண்டுவந்த ரதம் அது, இன்றும் புறப்படுகிறது. லவ் லேனில் தச்சர்களுக்கு ஒரு சங்கம், அதற்குள்ளேயே தொழிலின் ஆதி குருவான லூ பானுக்கு ஒரு கோவில். பெயர்ப்பலகை செதுக்குகிறவர், ஊதுபத்தி உருட்டுகிறவர், சொங்கோக் தொப்பி தைப்பவர், பிரம்பு முடைபவர், சவச்சடங்குக்குக் காகித மாளிகை கட்டுகிறவர் என்று ஒவ்வொரு கடைவீட்டின் முன்கூடமும் ஒரு பட்டறை. மழையும் வெயிலும் படாமல் நடக்கக் கடை முகப்பில் விட்ட அஞ்சடியில்தான் வேலை நடந்தது. மேல்மாடியில் குடும்பம் குடியிருந்தது. பிள்ளை படியிறங்கி வந்தால் தொழில் கண்ணில் படும். பயிற்சிக்கு வேறு பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை.

இந்த வாழ்க்கை எப்படிக் கலைந்தது? முதலில் துறைமுகம் நகர்ந்தது. சரக்கு வேலை எதிர்க்கரையான பட்டர்வொர்த்துக்குப் போனது. 1969இல் வரியில்லாத் துறைமுகத் தகுதியும் பறிபோனது. 1972இல் தீவின் தெற்கே பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகள் திறந்ததும் இளைஞர்கள் சம்பளத்தைத் தேடி அங்கே போனார்கள். பழைய வீடுகளை இடித்துக் கட்டிய அறுபத்தைந்து மாடிக் கொம்தார் கோபுரம் 1986இல் எழுந்து நின்றது. ஊரின் பார்வை புறநகருக்குத் திரும்பிவிட்டது.

அப்படியும் உள்ளூரில் ஏராளமானவர்கள் தங்கினார்கள் என்றால், அதற்குக் காரணம் ஒரு சட்டம். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை உயர்த்த விடவில்லை. வீட்டுக்காரருக்குக் கிடைத்தது அற்பத் தொகை. கூரை ஒழுகினாலும் செப்பனிட அவருக்கு மனம் வரவில்லை. இடித்து உயரமாகக் கட்டவும் வழியில்லை. அதனால் வீடுகள் நொடிந்தன, ஆனால் நின்றன. குடித்தனக்காரர்கள் வறுமையில் இருந்தார்கள், ஆனால் இருந்தார்கள். பொம்மலாட்டக்காரரும் ஊதுபத்திக்காரரும் அந்த விலையில் மட்டுமே தொழில் நடத்த முடிந்தது. இன்று உலகம் வந்து வியக்கும் வரிசை வீடுகளைக் காப்பாற்றிக் கொடுத்தது இந்தச் சட்டமும் அந்த ஒழுகல் கூரையைப் பொறுத்துக்கொண்டு வாழ்ந்தவர்களும்தான். இதை ஜார்ஜ் டவுன் மறந்துவிடக் கூடாது.

2000ஆம் ஆண்டு பிறந்தபோது சட்டம் போய்விட்டது. வாடகை பல மடங்கு ஏறியது, ஆயிரக்கணக்கானவர்கள் வெளியேறினார்கள். காலியான வீடுகள் சிலவற்றில் ஜன்னலை அடைத்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டு, கூடுகளை விற்பதற்காக உழவாரக் குருவி வளர்த்தார்கள். மனிதர்கள் வாழ்ந்த மாடிகளில் பறவைகள் குடியேறிய அந்தக் காலத்தை நினைத்தால் மனம் கனக்கிறது. பின்னால் அரசு தலையிட்டு, மரபுப் பகுதியிலிருந்து அந்தக் கூடங்களை அகற்றச் சொன்னது. கடலுக்குள் மரக்கால்கள் ஊன்றிக் கட்டிய சீனக் குலத்தாரின் படகுத்துறைக் குடியிருப்புகளில், கோய் குலத்தாரின் துறை 2006இல் இடிக்கப்பட்டது. பக்கத்திலிருக்கும் சியூ குலத்தாரின் துறையில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. பயணிகள் அவர்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் கடலைப் பார்க்கப் போகிறார்கள்.

2008 ஜூலை 7ஆம் நாள், மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2010இல் ஜார்ஜ் டவுன் விழாவும் அடுத்த ஆண்டு இலக்கிய விழாவும் தொடங்கின. இலக்கிய விழா 2018இல் லண்டன் புத்தகக் கண்காட்சியின் விருது வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. தெருமுனைகளில் இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்கள் வந்தன. அந்தந்தத் தெருவில் யார் என்ன தொழில் செய்தார்கள் என்று அவை சொல்கின்றன. காலணிக் கலைஞர் ஜிம்மி சூ தொழில் பழகிய இடத்தைக்கூட லீத் தெருவில் ஒரு கம்பிச் சித்திரம் காட்டுகிறது. பிறகு ஸாகரேவிச்சின் சிறுவர்கள் வந்தார்கள். 1947இல் கட்டிப் பின்னர் கைவிடப்பட்டுக் கூரை போன ஹின் பேருந்துப் பணிமனை, 2014இல் அவரது கண்காட்சியோடு கலைமையமாகத் திறந்தது. பேருந்துகள் நின்ற இடத்தில் புல்வெளி. அதைச் சுற்றி ஓவியக் கூடங்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் உள்ளூர் இளைஞர்கள் தாங்கள் அச்சிட்ட துணியையும் சுட்ட மண்பாண்டத்தையும் விற்கிறார்கள். ஊரை விட்டுப் போன தலைமுறையின் பிள்ளைகள் திரும்பிவரக் காரணம் கிடைத்திருக்கிறது. விழுந்துகொண்டிருந்த கூரைகள் எழுந்துவிட்டன. இது பெரிய நன்மை, இதை மனமார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் யுனெஸ்கோ பட்டியல் நிலத்தின் விலையையும் ஏற்றிவிட்டது. வெளிநாட்டுப் பணம் கடைவீடுகளை வரிசை வரிசையாக வாங்கியது. குடித்தனம் இருந்த மாடிகள் விடுதி அறைகளாயின. கம்பிச் சித்திரத்தில் இருக்கும் தொழிலாளியைத் தேடி அதே தெருவில் நடந்தால், பல இடங்களில் அவர் கிடைப்பதில்லை. வாழ்க்கை வீட்டுக்குள்ளிருந்து இறங்கிப் போக, அதன் படம் சுவரில் ஏறியிருக்கிறது. யுனெஸ்கோ மதித்தது கட்டடங்களை மட்டும் அல்ல. பல இனங்களும் மதங்களும் சேர்ந்து வாழும் உயிருள்ள மரபையும் சேர்த்துத்தான் மதித்தது. வாழ்கிறவர்கள் போய்விட்டால், அந்தப் பெருமையின் பாதி காலியாகிவிடும்.

மாற்றுவழி கண்ணெதிரிலேயே இருக்கிறது. சைக்கிள் ஓவியத்திலிருந்து சிறிது நடந்தால் கடைத்தெரு என்று தமிழர்கள் அழைக்கும் மார்க்கெட் தெரு. மல்லிகைச் சரம், மஞ்சள்பொடி, மாவிலைத் தோரணம், வெள்ளிக் கொலுசு, ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. இங்கே பயணிகளும் வருகிறார்கள். ஆனால் கடைகள் அவர்களை மட்டும் நம்பி இல்லை. தீவு முழுவதிலிருந்தும் தீபாவளிக்குத் துணி எடுக்க, தாலிக்குப் பொன் வாங்க, பொங்கலுக்குப் பானை வாங்கக் குடும்பங்கள் வருகின்றன. பூக்கட்டுகிறவருக்குத் தினமும் வேலை இருக்கிறது, ஏனென்றால் பக்கத்து மாரியம்மனுக்குத் தினமும் மாலை வேண்டும். தேவை இருக்கும் இடத்தில் கைத்தொழில் காட்சிப்பொருள் ஆவதில்லை.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு. இந்தப் பழைய வீடுகளில் கணிசமானவை தனியார் சொத்து அல்ல. சீனக் குலச் சங்கங்கள், கோவில் அறக்கட்டளைகள், பள்ளிவாசல் வக்ஃபு நிலங்கள் என்று பொதுக் கையில் இருக்கின்றன. இந்தச் சங்கங்களும் அறக்கட்டளைகளும் தங்கள் முன்னோர் எதற்காக இந்த வீடுகளைக் கட்டினார்கள் என்பதை நினைத்து, கைவினைஞருக்கும் நெடுநாள் குடித்தனக்காரருக்கும் தாங்கக்கூடிய வாடகையில் நீண்டகால ஒப்பந்தம் கொடுக்க முடியும். கூரையும் ஒழுகாமல், ஆளும் வெளியேறாமல் பார்த்துக்கொள்ள முடியும். அழிவை நிறுத்தியது ஒரு வாடகைச் சட்டம் என்றால், உயிரை மீட்பதும் வாடகைக் கணக்கில்தான் தொடங்க வேண்டும். ஓவிய விழாக்களுக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கு இதற்குக் கிடைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

அங்கே போகிற நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. சைக்கிள் ஓவியத்தைப் பாருங்கள், படமும் எடுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். தொப்பி தைக்கிறவரிடம் ஒரு தொப்பி வாங்குங்கள். பிரம்புக் கூடை வாங்குங்கள். அவர்கள் கைவேலையைப் பற்றி முன்னால் நின்று கேட்டுப் பாருங்கள். தமிழிலேயே பதில் வருவதற்கும் வாய்ப்புண்டு. படகுத்துறை வீடுகளில் குரலைத் தாழ்த்தி நடங்கள். அது ஒருவருடைய வாசல். கடைவீட்டு விடுதியில் தங்கினால், மாடியில் முன்பு யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். காலை உணவை ஊர்க்காரர்கள் வரிசை நிற்கும் கடையில் சாப்பிடுங்கள்.

ஓவியத்தைப் பார்க்கப் போகிறவன் விட்டுச் செல்லும் பணம் ஓவியத்துக்குப் போவதில்லை, அந்தத் தெருவுக்குப் போகிறது. அது எந்த வாசலில் சேருகிறதோ, அந்த வாசல்தான் நாளை திறந்திருக்கும். செம்பு தட்டியவர்களை இந்த ஊர் இழந்துவிட்டது; பூக்கட்டுகிறவரையும் தொப்பி தைப்பவரையும் அது இன்னும் இழக்கவில்லை. இருப்பவர்களைக் காப்பது போனவர்களை வரைவதைவிட அவசரமான வேலை, அதில் பாதியையாவது பயணிகளாகிய நாமே செய்ய முடியும்.