உஷார்! அடுத்தவன் பையைத் தூக்கிக்கொண்டு பாடாங் பெசார் தாண்டாதீர்கள்

பாங்காக்கில் ரயிலேறிப் படுத்தால் விடிந்ததும் மலேசியா என்று நான்கு நண்பர்களாகக் கிளம்புகிறீர்களா? டிக்கெட் எடுத்தாச்சு, ஹாஸ்டலும் போட்டாச்சு. பைக்குள் என்ன இருக்கிறதென்று பார்த்தீர்களா?

நண்பர்கள் கூட்டத்தில் பை என்பது பொதுச்சொத்து. "மச்சி, என் பை நிரம்பிடுச்சு, இதை உன் பையில போட்டுக்கோ" என்று ஒரு பாலித்தீன் கவர் வரும். என்ன ஏதென்று கேட்காமல் திணித்துக்கொள்வோம். சென்னை - மதுரை ரயிலில் அதில் தப்பில்லை. தாய்லாந்து - மலேசிய எல்லையிலுள்ள பாடாங் பெசாரில் அது வாழ்க்கையையே முடித்துவிடலாம்.

காரணம் இதுதான். தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. பச்சை இலை படம் போட்ட கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று கெடுபிடி வந்தது; ஆனாலும் கடைகள் காணாமல் போய்விடவில்லை. அங்கே கிடைக்கும் கலர் கலரான ஜெல்லி மிட்டாயைப் பார்த்தால் குழந்தைக்கு வாங்கியது போலிருக்கும். பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தால்தான் விஷயம் தெரியும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கதையே வேறு. மலேசியாவின் 1952-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி, 200 கிராம் கஞ்சா கையில் இருந்தாலே கடத்தல் என்று அனுமானிப்பார்கள். மரண தண்டனை 2023 முதல் கட்டாயம் இல்லை, ஆனால் ஒழிந்தும் போகவில்லை. அதிலிருந்து தப்பினாலும் ஆயுள் சிறையும் பிரம்படியும் காத்திருக்கின்றன. கொஞ்சமாக இருந்தாலும் சிறைக்குப் போகலாம்.

இதைவிடப் பயங்கரம் ஒன்று உண்டு. பை யார் கைவசம் இருக்கிறதோ, உள்ளே இருக்கும் பொருளும் அவருடையது, அது என்னவென்றும் அவருக்குத் தெரியும் என்றே அந்தச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது உங்கள் பாடு. "ஃப்ரெண்டு குடுத்தான் சார், எனக்கு ஒண்ணும் தெரியாது" என்பது அங்கே லேசில் எடுபடாது.

ஆகவே, ரயிலேறும் முன் அவரவர் பையை ஹாஸ்டல் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டுங்கள். பக்கவாட்டு ஜிப், அழுக்குத்துணிக் கவர், மருந்து டப்பா என எதையும் விடாதீர்கள். சந்தேகம் இருந்தால் குப்பைத்தொட்டிதான். திரும்பி வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: வேப் எனும் மின்சிகரெட்டைத் தாய்லாந்துக்குள் கொண்டுவரத் தடை உண்டு. மலேசியாவில் வாங்கியதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

ரயில் விஷயத்திலும் நாலு குழிகள்:

• தொலைதூர ரயில்கள் 2023 ஜனவரி முதல் பாங்காக்கின் குருங் தேப் அபிவத் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. பழைய நினைப்பில் ஹுவா லம்போங் நிலையத்தில் போய் நிற்காதீர்கள்.

• பாங்காக்கிலிருந்து பாடாங் பெசார் செல்லும் 45-ஆம் எண் ரயில் முழுதாக எல்லைக்குப் போகாது. வழியில் ஹாட்யாயில் மற்ற பெட்டிகளைக் கழற்றிவிட்டு, வழக்கமாக இரண்டு பெட்டிகள்தான் மேலே போகும். வேறு பெட்டியில் அரட்டையடிக்கப் போன நண்பனை ஹாட்யாய்க்கு முன்பே கூப்பிட்டு உட்காரவையுங்கள்.

• பாடாங் பெசார் என்ற பெயரில் தாய்லாந்துப் பக்கமும் ஒரு நிறுத்தம் உண்டு. அங்கே இறங்காதீர்கள். இரு நாட்டுக் குடிநுழைவுக் கவுன்டர்களும் மலேசிய நிலையத்தில்தான். மூட்டை முடிச்சோடு இறங்கி, முதலில் தாய்லாந்தின் வெளியேறும் முத்திரை, பிறகு மலேசியா. அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அடுத்த ரயிலை அதைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

• மலேசியாவுக்குள் நுழையவும், 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையவும், இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். நுழைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும். இரண்டுமே இலவசம். பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள். விசா விதியைக் கிளம்பும் வாரத்தில் இன்னொரு முறை பாருங்கள்.

கடைசியாக, பைக்கு ஒரு சின்னப் பூட்டு வாங்குங்கள். சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். "என் மேலேயே நம்பிக்கை இல்லையாடா?" என்று மச்சி முறைப்பான். முறைக்கட்டும். கோலாலம்பூரில் ஒரு தே தாரிக் தேநீர் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ளலாம்.