ரொட்டிக் கடைக்காரியின் பெயரால்...

இரவு சாப்பாடு முடிந்து, அடுப்படியைக் கழுவி விட்டு, கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பால் கணக்கும் பலசரக்குக் கணக்கும் போடும் சகோதரிகளே! இன்று உங்களிடம் ஒரு கணக்கைக் கொடுத்துத் தீர்ப்புக் கேட்கப் போகிறேன். பொருளாதாரப் பேராசிரியர்களை விட்டுவிட்டு எங்களிடம் ஏன் வந்தாய் என்கிறீர்களா? வரவு எது, செலவு எது, யார் கையிலிருந்து யார் கைக்குப் பணம் போயிற்று என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். அது உங்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

விஷயம் இதுதான். "அதிகம் சம்பாதிக்கிறவர்களுக்கு வரியைக் குறையுங்கள், சிறு வியாபாரம் தழைக்கும், நாலு பேருக்கு வேலை கிடைக்கும்" என்று ஒரு வாதம் அமெரிக்காவில் வெகுகாலமாக நடமாடுகிறது. பணக்காரருக்குச் சலுகை என்று மேடையில் சொன்னால் கை தட்ட ஆள் இராது. தெருமுனையில் ரொட்டிக் கடை நடத்தும் அம்மாளுக்குச் சலுகை என்றால் எல்லாரும் தட்டுவார்கள். ஆகவே வரிக் குறைப்பு வரும்போதெல்லாம் அந்த ரொட்டிக் கடை அம்மாளையும் கையோடு அழைத்து வந்துவிடுகிறார்கள்.

இதை ஒரு மாகாணம் நிஜமாகவே செய்து பார்த்தது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

கோதுமை நாட்டில் ஒரு பரீட்சை

கான்ஸாஸ் என்பது அமெரிக்காவின் நட்டநடுவில் இருக்கும் மாகாணம். கோதுமைக்குப் பேர்போன இடம். அங்கே விச்சிட்டா என்ற நகரில் ஆகாய விமானங்கள் செய்கிறார்கள். 2011-ல் ஸாம் பிரவுன்பாக் என்பவர் அங்கே கவர்னரானார். அந்த நாட்டில் கவர்னர் என்றால் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மாகாணத் தலைவர். நம் முதல் மந்திரியைப் போல அதிகாரம் உள்ளவர். 2012 மே மாதத்தில் அவர் ஒரு வரிச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 2013 ஜனவரி முதல் தேதி அது அமுலுக்கு வந்தது.

சட்டத்தில் முக்கியமானவை இரண்டு. மேல்தட்டு வருமானத்துக்கு மாகாண வருமான வரி நூற்றுக்கு 6.45 ஆக இருந்தது, அதை 4.9 ஆகக் குறைத்தார்கள். அதைவிடப் பெரியது மற்றொன்று: சொந்த வியாபாரத்திலிருந்து உரிமையாளர் கைக்கு நேரே வரும் லாபத்துக்கு மாகாண வருமான வரியே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்!

அதென்ன நேரே வரும் லாபம்? அமெரிக்காவில் பெரிய கம்பெனிகள் தங்கள் பெயரிலேயே வரி கட்டும். தனி ஆள் நடத்தும் கடை, கூட்டு வியாபாரம், எல்.எல்.சி. என்னும் வகைக் கம்பெனி ஆகியவற்றின் லாபம் பெரும்பாலும் உரிமையாளரின் சொந்த வருமானத்தோடு சேர்ந்துவிடும்; வரி கட்டுகிறவரும் அவர்தான். மத்திய சர்க்கார் வரி ஒரு பக்கம் இருக்க, மாகாணத்துக்குச் சேரவேண்டிய வரியைத்தான் கவர்னர் நீக்கினார்.

மிச்சமாகும் பணத்தில் வியாபாரிகள் ஆட்களைச் சேர்ப்பார்கள், வெளியூர் வியாபாரமும் தேடி வரும் என்பது எதிர்பார்ப்பு.

இரண்டு வீடு, இரண்டு கணக்கு

இப்போது நோட்டைத் திறவுங்கள். நம் ரொட்டிக் கடை அம்மாளுக்கும் அவள் புருஷனுக்கும், கழிவெல்லாம் போக, வரிக்கு உட்பட்ட வருமானம் வருஷத்துக்கு 30,000 டாலர் என்றும், அத்தனையும் கடை லாபம் என்றும் வைத்துக்கொள்வோம். பழைய சட்டப்படி அந்தத் தொகைக்கு வரி நூற்றுக்கு 3.5; அதாவது 1,050 டாலர். புதிய சட்டத்தால் அது அவளுக்கு மிச்சம். நல்ல காரியம்தான். ஆனால் அமெரிக்கச் சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 டாலர் வீதம் ஓர் ஆளை முழு நேரத்துக்கு வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 15,080 டாலர் வேண்டும். மிச்சமான பணம் ஒரு மாதச் சம்பளத்துக்குக்கூடக் காணாது!

பக்கத்துப் பேட்டையில் ஒரு கனவான் இருக்கிறார். கூட்டு வியாபாரத்தில் தமக்குள்ள பங்கிலிருந்து அவருக்கும் அவர் மனைவிக்கும் பத்து லட்சம் டாலர் வருகிறது. பழைய விகிதப்படி அவர்கள் கட்ட வேண்டியது 63,555 டாலர். புதிய சட்டத்தில் அவ்வளவும் மிச்சம். இரண்டு வீட்டுக்கும் ஒரே சட்டம், ஒரே பெயர்: 'சிறு வியாபாரச் சலுகை'.

ஆள் சேர்ப்பது எப்போது?

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கடையில் உதவிக்கு இருக்கும் பெண்ணுக்குக் கொடுக்கும் சம்பளம் செலவுக் கணக்கில் சேரும். எல்லாச் செலவும் போக மிஞ்சுவதுதான் லாபம்; வரி அந்த லாபத்துக்குத்தான். ஆகையால் லாபத்தின் மேல் வரி குறைந்ததனால் உதவிப் பெண்ணின் சம்பளம் ஒரு காசுகூட மலிவாகிவிடவில்லை. ரொட்டி வாங்கக் கூட்டம் வாசல்வரை நின்றால், வரி இருந்தாலும் அம்மாள் ஆள் வைப்பாள். கூட்டம் இல்லையென்றால், வரியே இல்லாவிட்டாலும் வைக்க மாட்டாள். அவளென்ன அசடா?

புதிதாகக் கடை வைத்தவர்கள் பாடு இன்னும் மோசம். ஆரம்பத்தில் லாபம் ஏது? லாபம் இல்லாதவருக்கு வரிச் சலுகையால் என்ன பிரயோஜனம்? போதாக் குறைக்கு, கடை நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழித்துக்கொள்ளும் வசதியையும் அதே சட்டம் எடுத்துவிட்டது. கை ஊன்றி நிற்பவருக்குக் கம்பளம் விரித்து, தட்டுத்தடுமாறி எழுந்திருப்பவரின் கைக்கோலைப் பிடுங்கிய கதைதான்!

அவர்கள் பக்கத்து நியாயம்

ஒரு கட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லலாகாது. மேல்தட்டு வரியைக் குறைக்கச் சொல்கிறவர்களிடமும் ஒரு வலுவான கணக்கு இருக்கிறது. அமெரிக்கப் பார்லிமெண்டின் வரி விவகாரக் கூட்டுக் கமிட்டி 2010-ல் மதிப்பிட்டபடி, வியாபார லாபம் காட்டுகிறவர்களில் நூற்றுக்கு 3 பேர் மட்டுமே வரியின் மேல் இரண்டு தட்டுகளில் வருவார்கள். ஆனால் அந்த மூன்று பேர் கையில்தான் அந்த லாபத்தில் ஏறக்குறையப் பாதி இருக்கிறது. "பணம் இருக்கிற இடத்தில் குறைத்தால்தானே முதலீடு பெருகும்?" என்கிறார்கள். நல்ல வியாபாரம் நடக்கும் பட்டறைக்காரர் மிச்சப் பணத்தில் புது இயந்திரம் வாங்குவதும் உண்டுதான்.

ஆனால் அந்த மூன்று பேர் எல்லாருமே பட்டறைக்காரர்களா? பெரிய வக்கீல் கம்பெனிப் பங்காளி, வைத்தியர், பணத்தைப் போட்டுவிட்டு வீட்டில் இருப்பவர் எல்லாரும் அந்தக் கணக்கில் அடக்கம். லாபம் வரும் வழியை வைத்து எண்ணுகிறார்களே தவிர, கடை சின்னதா பெரிதா என்று பார்த்து எண்ணவில்லை.

கான்ஸாஸில் நடந்ததும் இதுதான். ஏறக்குறைய 1,91,000 பேர் சலுகை பெறுவார்கள் என்று சர்க்கார் மதிப்புப் போட்டிருந்தது. வந்து நின்றவர்களோ 3,30,000-க்கு மேல்! சம்பளமாக வாங்கினால் வரி உண்டு. அதையே தம் பெயரில் ஒரு கம்பெனி வைத்து அதன் வழியாக வாங்கினால் வரி இல்லை. பிறகு கேட்பானேன்? ஒரு பல்கலைக் கழகத்தின் புகழ்பெற்ற கூடைப்பந்துப் பயிற்சியாளரின் வருமானத்தில் பெரும்பகுதி இப்படி ஒரு கம்பெனி வழியாக வருகிறது என்ற செய்தி 2016-ல் வெளியாகி, மாகாணம் முழுவதும் பேச்சாகிவிட்டது. வரிக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்து 2019-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியும் அதையே சொல்கிறது: வருமானத்தின் பெயர் மாறியதுதான் பெரும்பாலும் கண்டது, உண்மையான வியாபாரம் பெருகியதற்குச் சான்று அகப்படவில்லை.

ஓட்டையை அடைத்தது யார்?

சர்க்கார் கஜானாவுக்கு 2014 நிதி வருஷத்தில் சுமார் 70 கோடி டாலர் வரவு குறைந்தது. வீட்டில் வரவு குறைந்தால் என்ன செய்வோம்? முதலில் உண்டியலை உடைப்போம். அவர்களும் ரஸ்தாக்களுக்கென்று ஒதுக்கிய பணத்தை எடுத்துச் செலவழித்தார்கள். பிறகு பள்ளிக்கூடங்களின் முறை வந்தது. 2015-ல் சில ஊர்களில் பணமில்லாமல் பள்ளிகளைச் சில நாள் முன்னதாகவே மூடிவிட்டார்கள். 2017 மார்ச்சில் மாகாணத்தின் உச்ச நீதிமன்றம், பள்ளிகளுக்குக் கொடுக்கும் பணம் போதாது என்று தீர்ப்பளித்தது.

அப்படியும் ஓட்டை அடைபடவில்லை. 2015-ல் விற்பனை வரியை நூற்றுக்கு 6.15-லிருந்து 6.5 ஆக ஏற்றினார்கள். கான்ஸாஸில் அப்போது அரிசிக்கும் பாலுக்கும் ரொட்டிக்கும்கூட அந்த வரி முழுசாக உண்டு! குழந்தைக்குப் பால் வாங்கும் தாயும், பத்து லட்சக்காரரும் கடையில் கட்டும் வரி விகிதம் ஒன்றே. ஆனால் ஒருவருடைய வியாபார லாபத்துக்கு வரி இல்லை. மற்றவளுடைய சம்பளத்துக்கு உண்டு.

வேலை வாய்ப்பாவது பெருகிற்றா? அந்த வருஷங்களில் கான்ஸாஸின் வேலை வளர்ச்சி நாட்டின் சராசரிக்குக் கீழேயே கிடந்தது. கடைசியில் 2017 ஜூன் மாதத்தில், கவர்னரின் சொந்தக் கட்சியே மெஜாரிட்டியாக இருந்த சட்டசபை, அவருடைய மறுப்பையும் தள்ளிவிட்டுச் சலுகையை ரத்துச் செய்தது. வரி விகிதங்களையும் உயர்த்தியது.

அத்துடன் வாதம் ஓய்ந்துவிட்டதா? இல்லை. அதே 2017 டிசம்பரில் அமெரிக்க மத்திய சர்க்காரே, இப்படி நேரே வரும் லாபத்தில் நூற்றுக்கு 20 பங்கு வரையில் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் செய்தது. 2025 ஜூலையில் அதை நிரந்தரமும் ஆக்கிவிட்டார்கள்.

கான்ஸாஸில் 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து உணவுப் பண்டங்களுக்கு மாகாண விற்பனை வரி கிடையாது. ரொட்டிக் கடை அம்மாளின் வீட்டுச் சமையலறைக்கு அந்தச் சலுகையாவது வந்து சேர்ந்தது.

ஆகவே சகோதரிகளே, சிறு வியாபாரியின் பெயரைச் சொல்லி யாராவது பெரிய சலுகை கேட்டால் மூன்றே கேள்வி கேளுங்கள்: அவள் கைக்கு எவ்வளவு வரும்? மற்றவர் கைக்கு எவ்வளவு போகும்? குறைகிற பணத்தை யார் கட்டுவார்கள்? கணக்கு நோட்டில் இந்த மூன்றுக்கும் பதில் எழுதிப் பாருங்கள். தீர்ப்பை நான் சொல்ல வேண்டியதே இல்லை.