பஞ்சாமிர்தம் முதல் மோமோ வரை: கைடு இல்லாம ஒரு சாப்பாட்டு டூர்!

வீக் எண்ட் கொடைக்கானல் பிளானா? வியூ பாயின்ட்டை விடுங்க, இந்த முறை நாக்கு வழிகாட்டட்டும்.

எங்கே தொடங்கலாம்?
பழனி அடிவாரத்தில், பஞ்சாமிர்தத்தோடு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. வாழைப்பழம், வெல்லம், நெய், தேன், ஏலக்காய்தான் அடிப்படை. மரபாகச் சேர்ப்பது மலையில் விளையும் விருப்பாச்சி வாழை.

மேலே என்ன இருக்கு?
சுமார் 65 கி.மீ. மலைப்பாதை ஏறினால் கொடைக்கானல். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் குடியேறிய ஊர். ஏழு ரோடு சந்திப்பிலிருந்து பி.டி. ரோட்டுக்கு நடந்தே போகலாம். அங்கே திபெத்திய மோமோ, துக்பா கிடைக்கும். ஊரிலேயே தயாராகும் சீஸையும் ருசி பாருங்க.

மறுநாள்?
பூம்பாறை. படிக்கட்டு வயல்களில் விளையும் மலைப்பூண்டுக்கும் 2019-ல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது.

எதை மிஸ் பண்ணக் கூடாது?
மலைவாழையை. முடிக்கொத்து நோயால் விருப்பாச்சி வாழைத் தோட்டங்கள் வெகுவாகச் சுருங்கிவிட்டன. மோமோ சென்னையிலும் கிடைக்கும். இந்தப் பழத்தின் ருசி இந்த மண்ணுக்கே உரியது. ஒரு சீப்பு வாங்கினால், அதை இன்னும் பயிரிடும் விவசாயிக்குத் தெம்பு.

கவனிக்க: வெளியூரிலிருந்து சொந்த வண்டியில் போறவங்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம்.