கருவுற்ற தாய்மார்க்கு இரத்தச் சோதனை எதற்கு?

“சிறுநீர்தான் கொடுத்தாயிற்றே, இரத்தமும் எதற்கு?” என்று தாய்சேய் நல மருந்தகத்தில் நம் தோட்டத்துத் தாய்மார் சிலர் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்வியே.

சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் தெரியவரும். ஹெப்பாடிடிஸ் பி, எச்.ஐ.வி. ஆகிய நோய்க்கிருமிகளைக் கண்டறிய இரத்தமே ஏற்றது. விரல் நுனியில் குத்தியெடுக்கும் துளி விரைவில் விடை தரும். ஆயினும் கிருமி இருப்பதாகக் காட்டினால், கையில் ஊசியிட்டு எடுத்த இரத்தத்தைக் கொண்டு ஆய்வுக்கூடத்தில் உறுதிசெய்தல் வேண்டும். வாய்நீரிலும் எச்.ஐ.வி.க்குச் சோதனை உண்டு. ஆனால் அதில் எதிர்ப்பொருள் குறைவு. அண்மையில் தொற்றிய நோய் தப்பிவிடக்கூடும். எடுக்கும் இரத்தமோ சில தேக்கரண்டியளவே. பால்வெட்டும் வலு குன்றிவிடும் என்னும் அச்சம் வேண்டா.

ஹெப்பாடிடிஸ் பி பிறப்பின்போது தொற்றினால், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நாள்பட்ட நோயாகிவிடுகிறது. முன்னரே தெரிந்தால், பிறந்த 24 மணி நேரத்திற்குள் தடுப்பூசியும் எதிர்ப்பொருள் ஊசியும் போட்டுப் பெரும்பாலும் காத்துவிடலாம். எச்.ஐ.வி. உள்ள தாய் மருந்து உண்டால் சேய்க்குத் தொற்றுவது மிக அரிது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை மலேசியா ஒழித்துள்ளதென 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்ததற்கு இச்சோதனையும் ஒரு காரணமாகும்.

குழந்தையைச் சோதிக்கும் முறை வேறு. தொப்புள்கொடி இரத்தத்தில் தாயின் இரத்தம் கலந்திருக்கலாம். ஆதலால் அது எச்.ஐ.வி. சோதனைக்கு ஏற்றதன்று. தாயின் எதிர்ப்பொருளும் 18 மாதம் வரை சேயின் உடலில் தங்கக்கூடும். எனவே சேயின் இரத்தத்தில் கிருமியையே தேடுவர். ஒருமுறை சோதித்தால் போதாது. அழைக்கும் ஒவ்வொரு முறையும், ஒரு நாட்கூலி போனாலும், குழந்தையைக் கொண்டு செல்லுங்கள்.