இசட் புள்ளி எண்ணாத பாடங்கள்
உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழகம் செல்லவிருப்போருக்குச் சில குறிப்புகள்

உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழக வாசலை மிதிக்கும் வரை நமது நாட்டில் ஒரு மாணவர் பல மாதங்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. சிலவேளை ஒரு வருடத்துக்கு மேலும் ஆகிவிடுகிறது. பெறுபேறு, வெட்டுப்புள்ளி, பதிவு என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். இந்தக் காலத்தில் நம் ஊர்களில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "இசட் ஸ்கோர் எவ்வளவு? எந்தக் கெம்பஸ் கிடைக்கும்?" கெம்பசுக்குள் போன பிறகு அந்தப் பிள்ளை எப்படிப் படிக்கப் போகிறது என்று கேட்பவர் குறைவு. முதலாம் வருட மாணவருக்கு நீண்ட காலமாக விரிவுரை எடுத்து வருபவன் என்ற வகையில், அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

இசட் புள்ளி எதை அளக்கிறது?

ஒரு பாடத்தில் நீங்கள் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் வருவது அப்பாடத்துக்கான இசட் பெறுமானம். மூன்று பாடங்களின் பெறுமானங்களையும் கூட்டி மூன்றால் வகுப்பதே உங்கள் இசட் புள்ளி. அதாவது, மூன்று பாடங்களில் மற்றவர்களோடு ஒப்பிடும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை மட்டுமே அது சொல்கிறது.

அனுமதியும் அதை வைத்துத்தான் நடக்கிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீதம் வரையான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, புத்தளம், மன்னார் என நம்மவர் செறிந்து வாழும் மாவட்டங்கள் பலவும் அந்தப் பதினாறுக்குள் அடங்கும்.

இந்த ஏற்பாடு நியாயமானது. மாவட்ட அடிப்படையில் வந்தேன் என்று எந்தப் பிள்ளையும் தலைகுனியத் தேவையில்லை. ஆனால் வாசலைத் தாண்டிய பின் மாவட்டம் என்று ஒன்றில்லை. எல்லாருக்கும் ஒரே விரிவுரை, ஒரே வினாத்தாள். அங்கே முதலில் கைகொடுப்பவை, இசட் புள்ளி எண்ணாமல் விட்ட பாடங்கள்தான்.

பொது ஆங்கிலம்

அவற்றில் முதலாவது ஆங்கிலம். உயர்தரத்தில் பொது ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்கிறது. அதன் புள்ளி இசட் கணக்கில் சேர்வதில்லை. பொதுச் சாதாரணப் பரீட்சைக்காவது 30 புள்ளி வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. ஆங்கிலத்துக்கு அதுவும் இல்லை. அதனால் அந்தப் பாடவேளையில் இரசாயனவியல் பாஸ்பேப்பர் செய்யும் பிள்ளைகளே அதிகம். பிறகு மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், முகாமைத்துவம் என்று எந்தப் பீடத்துக்குப் போனாலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் விரிவுரை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிள்ளைக்குப் பாடம் தெரியாமல் இல்லை. ஆர்முடுகல் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும்; 'அக்சலரேஷன்' என்று விரிவுரையாளர் சொல்லும்போது விளங்குவதில்லை. தொகையீடு செய்யத் தெரியும்; 'இன்டகிரேஷன்' என்றால் வேறெதுவோ என்று நினைக்கிறது. கேள்வியும் நிரம்பலும் படித்த வர்த்தகப் பிரிவு மாணவி, 'டிமாண்ட்', 'சப்ளை' என்று கேட்டதும் புதிய பாடம் தொடங்கிவிட்டதாக எண்ணிக்கொள்கிறாள். தெரிந்த விசயத்தையே தெரியாததாக நினைத்துப் பயந்து, வகுப்பில் வாய் திறக்காமல் இருந்து, முதலாம் அரையாண்டிலேயே 'ரிப்பீட்' எடுக்கும் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் காண்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள் இப்படி ஒதுங்கிப் போவதுதான் எனக்குக் கவலை.

இதற்கு மருந்து இலக்கண வகுப்பு மட்டுமல்ல. உங்கள் உயர்தரப் பாடங்களை ஆங்கிலத்தில் சொல்லும் புத்தகம் ஒன்றை இரவல் வாங்குங்கள். ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஓர் அலகை எடுத்து, நாளைக்கு இரண்டு பக்கம் வாசியுங்கள். விசயம் தெரிந்திருப்பதால் மொழி தானாக விளங்கத் தொடங்கும். ஒரு கொப்பியில் தமிழ்ச் சொல் ஒரு பக்கம், ஆங்கிலச் சொல் மறுபக்கம் என்று எழுதி வையுங்கள். நாளைக்கு ஐந்து சொல் என்றால் மூன்று மாதத்தில் 450 சொல். முதலாம் வருட விரிவுரையின் முதுகெலும்பு அதற்குள் வந்துவிடும்.

கலைப்பீடத்தில் தமிழ்மொழி மூலம் படிக்கலாம்தானே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேராதனை, ஒலுவில், யாழ்ப்பாணம், வந்தாறுமூலை போன்ற இடங்களில் அதற்கு வசதி உண்டு. ஆனாலும் நூலகத்தில் நீங்கள் தேடிப் போகும் நூல்களில் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே இருக்கும்.

நோட்ஸ் என்னும் பழக்கம்

"சேர், இத எக்ஸாமுக்குக் கேப்பாங்களா?" "சேர், நோட்ஸ் தருவீங்களா?" இவை இரண்டும் முதல் மாதத்தில் நான் அதிகம் கேட்கும் கேள்விகள். பிள்ளைகளில் பிழை இல்லை. இரண்டு, மூன்று வருடம் டியூசன் வகுப்பில் அச்சடித்த டியூட்டை வாங்கிப் பாடமாக்கி, பாஸ்பேப்பர் செய்து வெற்றி கண்டவர்கள் அவர்கள். வென்ற வழியை யார்தான் விடுவார்?

ஆனால் விரிவுரை என்பது பாடத்தின் முழுமை அல்ல. எதை வாசிக்க வேண்டும் என்று காட்டும் கைகாட்டி. மிச்சத்தை நூலகத்தில் நீங்கள்தான் தேட வேண்டும். ஆகவே காத்திருக்கும் மாதங்களில் ஏதாவது ஒரு கனமான நூலை, எந்தத் துறையானாலும் சரி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து முடியுங்கள். வாசித்ததை உங்கள் சொந்த வசனத்தில் இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள்.

கணக்கும் மாறுகிறது. உயர்தரத்தில் ஒரு பெரிய பரீட்சை. பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு அரையாண்டும் ஒரு படி. ஒப்படை, இடைத் தேர்வு, செய்முறை எல்லாமே சேர்ந்து ஜீ.பீ.ஏ. ஆகிறது. பெரும்பாலான பீடங்களில் முதல் வகுப்புச் சித்திக்கு 3.70 வேண்டும். 80 சதவீத வரவு இல்லையென்றால் பரீட்சைக்கே இருக்க விடாத பீடங்களும் உண்டு. "ஃபர்ஸ்ட் இயர்ல சும்மா இருக்கலாம்" என்று சீனியர் யாராவது சொன்னால், சிரித்துவிட்டு வகுப்புக்குப் போங்கள்.

சிங்களமும் சக மனிதரும்

நமது பிள்ளைகள் பலர் முஸ்லிம் ஊரில் பிறந்து, முஸ்லிம் பாடசாலையில் படித்து, வேற்றின நண்பர் ஒருவர்கூட இல்லாமல் 20 வயதை அடைகிறார்கள். ஹொஸ்டல் அறையில்தான் முதன்முதலாக வேறு மொழி பேசும், வேறு மதத்தைச் சேர்ந்த ஒருவரோடு வாழப் போகிறார்கள். ஒலுவில் நம் வீட்டு வாசல்தானே என்று எண்ண வேண்டாம். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் சிங்கள மாணவர்கள் கணிசமாகப் படிக்கிறார்கள். பேச்சுச் சிங்களம் ஓரளவு தெரிந்த பிள்ளைக்கு நண்பர் கிடைப்பார், குழு ஒப்படையில் இடம் கிடைக்கும், அலுவலகத்தில் வேலை நடக்கும். நாம் யாரென்று அவர்கள் அறிந்துகொள்வதும் அந்தப் பேச்சின் வழியாகத்தான்.

தொழுகையும் ஒழுக்கமும் இதற்குத் தடையல்ல. பேராதனை வளாகத்தில் பள்ளிவாசல் இருக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் முஸ்லிம் மஜ்லிஸ் இயங்குகிறது. போன முதல் வாரத்திலேயே மஜ்லிஸோடு தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நட்பை முழுக்க அந்த வட்டத்துக்குள்ளேயே சுருக்கிவிட வேண்டாம். வீட்டில் சுபஹுக்கு எழுப்ப உம்மா இருந்தார். ஹொஸ்டலில் யாரும் எழுப்ப மாட்டார்கள். அந்தப் பழக்கத்தையும் இந்த மாதங்களிலேயே தொடங்கலாம்.

பணமும் பகிடிவதையும்

1981இல் லலித் அத்துலத்முதலி ஆரம்பித்த மஹாபொல புலமைப்பரிசிலும், வருமானம் குறைந்தோருக்கான பர்சரியும் இருக்கின்றன. கேட்கும் ஆவணங்களை, குறிப்பாகப் பெற்றோரின் வருமானம் பற்றியவற்றை, திகதி பிந்தாமல் கொடுங்கள். அந்தப் பணம் போன உடனே கைக்கு வராது. முதல் சில மாதச் செலவுக்கு வீட்டில் ஏற்பாடு வேண்டும்.

பகிடிவதை, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். குற்றவாளிக்கு இரண்டு வருடம் வரையும், பாலியல் தொந்தரவு அல்லது கடுங்காயம் ஏற்பட்டால் பத்து வருடம் வரையும் சிறை கிடைக்கலாம். சீனியருக்கு மரியாதை கொடுப்பது வேறு, அவமானத்தைப் பொறுப்பது வேறு. நடந்தால் வீட்டுக்குச் சொல்லுங்கள், மாணவ ஆலோசகரிடம் சொல்லுங்கள். அடுத்த வருடம் நீங்கள் சீனியரானதும் அதைச் செய்யாதிருப்பதும் உங்கள் கையில்தான்.

பெற்றோருக்கு

"மகள அவ்வளவு தூரம் எப்படி சேர் அனுப்புற?" என்று கேட்கும் வாப்பாமாரின் கவலை பொய்யானதல்ல. ஆனால் குறித்த திகதிக்குள் பதிவு செய்யாவிட்டால் அந்த இடம் போய்விடும். பிள்ளையின் மூன்று வருட உழைப்பும் அதோடு போகும். முடிவெடுக்கும் முன் மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு முறை அந்த வளாகத்துக்குப் போய் வாருங்கள். விடுதியைப் பாருங்கள், விடுதிப் பொறுப்பாளரோடு பேசுங்கள், அங்கே படிக்கும் நம் பிள்ளைகளைச் சந்தியுங்கள். வீட்டிலிருந்து பயந்தது, நேரில் பார்த்ததும் பாதியாகக் குறைந்துவிடும்.

1945இல் ஏ.எம்.ஏ. அஸீஸ் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஆரம்பித்தபோது, பணமில்லாமல் நம் பிள்ளைகள் உயர்கல்வியை இழக்கக் கூடாது என்பதே நோக்கம். இன்று ஒவ்வோர் ஊரிலும் பல்கலைக்கழக மாணவர் இருக்கிறார்கள். பள்ளிவாசல் நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு மூன்று மாத ஆங்கில, சிங்கள வகுப்பொன்றை நடத்தினால் போதும். விடுமுறைக்கு ஊர் வரும் நமது பட்டதாரி மாணவர்களே அதைப் படிப்பித்துக் கொடுப்பார்கள். வெட்டுப்புள்ளி வெளிவருவதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பரீட்சை முடிந்த அடுத்த கிழமையே தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.